பின்சீட்டைக் கழற்றியவன்

பார்சல் கம்பெனியின் எடைப் பிரிவில் அவன் மேற்பார்வையாளன். பகலெல்லாம் ஊரார் பெட்டிகளை எடை போடுவான். வீட்டுக்கு வந்தால் தன் வண்டியை எடை போடுவான். முழு வண்டியை எப்படிப் போடுவது? துண்டு துண்டாகத்தான். கழற்றிய போல்ட், கழற்றிய கைப்பிடி, டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த அட்டை என்று எது கையில் வந்தாலும் தராசில் வைத்துப் பார்ப்பான். கார்ப் பிரியர்கள் கூட்டத்தில் அவனுக்குக் 'கிராம்' என்று பேர் விழுந்தது அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பேரைவிட இந்தப் பேருக்குத்தான் அவன் சட்டென்று திரும்பிப் பார்ப்பான்.

வண்டி கருநீல நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் செடான். அதை வாங்குவதற்கு முன் மனைவியிடம் அவன் சொன்னது, இந்த ரக வண்டிக்கு ஆசைப்படும் ஆண்கள் எல்லோரும் வீட்டில் சொல்வதுதான்.

"நாலு கதவு இருக்கு. டிக்கி இருக்கு. பின்னாடி மூணு பேர் தாராளமா உக்காரலாம். குடும்ப வண்டிதான் இது."

பச்சைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அன்றைக்கு அவனே அதை நம்பினான். பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் பூட்டி, கைக்குழந்தையாக இருந்த மகளை அதில் வைத்து, மூவருமாக நகரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். குழந்தை பால் கக்கி வைத்தது. அந்தக் கறையை அவன் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்து ஒரு பகல் முழுக்கத் தேய்த்தான். கறை போகவில்லை. அதற்கப்புறம் வண்டிக்குள் பால் புட்டி கூடாது, பிஸ்கட் கூடாது, கண்ணாடியில் கை வைக்கக் கூடாது. கழுவுவதற்கு இரண்டு வாளி, சக்கரத்துக்குத் தனித்துணி, கதவுக்குத் தனித்துணி. துணிகள் மாறிவிட்டால் வீட்டில் அன்றைக்கு யாரும் வாயைத் திறக்க முடியாது.

மனைவிக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. வலியோடு வருகிறவர்களைச் சமாளித்துச் சமாளித்து அவளுக்குப் பொறுமை கொஞ்சம் அதிகம். அந்தப் பொறுமையை இந்த மனிதன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

முதலில் போனது ஸ்பேர் சக்கரம். பிறகு ஜாக்கி, தரைவிரிப்பு, சத்தம் கேட்காமலிருக்க அடியில் ஒட்டியிருந்த தார்ப்பட்டை. ஒவ்வொன்றும் போகப் போக வண்டி லேசாயிற்று, இரைச்சல் ஏறியது. சமையலறைத் தராசில் கிரீஸ் கறையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"இதுல நான் மாவு அளக்கறதா, நீங்க நட்டு அளக்கறதா?"

"தொடச்சிட்டேனே."

"ஒருநாள் என்னையும் தூக்கி இதுல வைக்கப்போறீங்க."

அவன் சிரித்தான். பின்சீட்டு போனது அதற்கடுத்த மாதம். அவளிடம் கேட்கவில்லை. "ரெண்டு மணி நேர வேலைதான், எப்ப வேணா மாட்டிக்கலாம்" என்றான். அந்த இடத்தில் ரோல் கேஜ் வந்து உட்கார்ந்தது. வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமலிருக்க, பந்தயக்காரர்கள் உள்ளே வைத்துக்கொள்ளும் இரும்புக் குழாய்ச் சட்டம் அது. முன்சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு வளைவு, அதிலிருந்து பின்சக்கர மேடு வரை இரண்டு சாய்ந்த குழாய்கள். கிராம் கிராமாகக் குறைத்தவன் கிலோக் கணக்கில் இரும்பை ஏற்றினான். கேட்டால் அது வேறு கணக்காம். வீட்டிலிருந்து பார்சல் கம்பெனிக்கு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிற வண்டி எங்கே போய் உருளப் போகிறது என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பூட்டிக் கிடக்கும் மரச்சாமான் கடையின் வாகன நிறுத்தத்தில் காலையில் வரிசையாக வண்டிகளை நிறுத்தி, பானெட்டுகளைத் திறந்து வைத்து, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு ஞாயிறு அவன் வீட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அதை வாங்கிப் போக மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் வந்து இறங்கினாள். அவள் வந்ததை அவன் பார்க்கவில்லை.

"இதுக்கு மேல எதைக் கழட்டுவ, கிராம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மிச்சம் வீட்டுக்காரி மட்டும்தான். இருக்கறதுலயே ஹெவி பார்ட் அதுதான்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்த, வரிசையாக எல்லோரும் நிறுத்தினார்கள். அந்தச் சங்கடத்தைப் போக்க அவளே ஒரு சிரிப்புச் சிரித்து, கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். திரும்பிப் போவதற்கும் வாடகைக் கார்தான். புருஷன் வண்டியில் அவளையும் குழந்தையையும் உட்காரவைக்க இடம் ஏது?

அவள் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மகளுக்கு நாலு வயது முடிந்ததும் கிளினிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். "எனக்கும் பாப்பாவுக்கும் உங்க வண்டில இடமில்ல. வீட்டுலயும் அப்படித்தான் ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னாள். அவனோ, கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள் என்று காத்திருந்தான். அவளுக்குக் கோபமே இல்லை என்பது உறைக்க அவனுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மகளைப் பார்ப்பான். பஸ்ஸில் பூங்காவுக்குப் போவார்கள், ஐஸ்கிரீம் வாங்குவார்கள், திரும்புவார்கள். மகள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "அப்பா, நம்ம வண்டில எப்பப்பா போவோம்?" நம்ம வண்டி என்று அதைச் சொல்ல அந்த ஒரு ஜீவன்தான் மிச்சம்.

மகளுக்கு ஏழு வயதானபோது மனைவிக்கு வெளியூர்க் கிளினிக்கில் நல்ல வேலை கிடைத்தது. அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பள்ளிக்கூடம் முடிஞ்சதும் போறோம். அதுக்கு முன்னாடி, வர்ற ஞாயித்துக்கிழமை பாப்பாவ அணைக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க வண்டிலதான் போகணுமாம்."

அவன் வேகமாகத் தலையாட்டினான்.

"பின்சீட்டு இருக்கணும். அதுல அவளுக்கு ஏத்த குழந்தை சீட்டு இருக்கணும். அந்தக் கம்பி இருக்கக் கூடாது. இந்த மூணும் சரியா நடந்தா, இனிமே லீவுக்கு லீவு நீங்களே வந்து வண்டில கூட்டிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

"அவ்வளவுதானே!" என்றான்.

பின்சீட்டு, கேஜை வைத்துக் கொடுத்த மெக்கானிக்கின் பட்டறையில் இருந்தது. கழற்றிய அன்றே அதை இரண்டு மரக்கட்டை மேல் வைத்து, வாடிக்கையாளர் உட்காரும் சோபாவாக்கிவிட்டிருந்தார். வருகிறவன் போகிறவன் எல்லாம் உட்கார்ந்து நடுவில் குழிந்து போயிருந்தது. ஓரத்தில் அந்தப் பால் கறை மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் கிராம் விரலால் ஒரு தடவை தடவினான்.

"எடுத்துக்க, உன்னோடதுதானே" என்றார் மெக்கானிக். "ஆனா கேஜை அறுக்கணும். பாப்பா உக்கார்ற இடத்துல தலைக்குப் பக்கத்துலயே குழாய் போகுது."

"கழட்டி மாட்ட முடியாதாண்ணே?"

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"போல்ட் போட்டு மாட்டலாம்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பிளேட்டு, போல்ட்டு எல்லாம் வெயிட்டு, வெல்டிங் வெச்சிருங்கன்னு சொன்னது யாரு?"

சொன்னது அவன்தான். அந்தப் போல்ட்டுகளைத் தனியாகத் தராசில் வைத்துக் காட்டியும் இருந்தான்.

"அறுத்தா அறுத்ததுதான். மறுபடி ஒட்டினா பழைய பலம் வராது" என்றார் அவர்.

"பாப்பாவ கூட்டிட்டுப் போற ஞாயித்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வருஷக் கூட்டம்ணே. முதல் வரிசை, நடுவுல எனக்கு இடம் கொடுத்திருக்காங்க."

"அப்ப பாப்பாவ பஸ்ல கூட்டிட்டுப் போ."

முதல் வரிசை நடு இடம் என்பது என்ன? சுண்ணாம்புக் கோட்டால் போட்ட ஒரு கட்டம். அதில் வண்டியை நிறுத்தினால் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள், இரண்டு பேர் படம் எடுப்பார்கள். அவ்வளவுதான். அதற்காக அவன் ஒரு வருஷமாகக் காத்திருந்தான். பாவம் என்று சொல்ல வருகிறது, சொல்ல மனம் வரவில்லை. அறுப்பதைக் கூட்டம் முடியும்வரை தள்ளிப் போட்டு, இப்போதைக்குக் குழாய் மேல் கறுப்பு ஃபோம் சுற்றிவிடலாம் என்று முடிவு செய்தான்.

"அது ஹெல்மெட் போட்டவன் தலைக்குடா. பச்சைப் பிள்ளைத் தலைக்கு இல்ல" என்றார் மெக்கானிக்.

"பாப்பா குட்டியூண்டுதாண்ணே. அவ்வளவு உயரம் தலை வராது."

குழந்தை இருக்கை வாங்கக் கடைக்குப் போனான். கடைக்காரப் பெண் முதலில் கேட்டதே, "குழந்தை எத்தனை கிலோ?" என்றுதான்.

அவன் விழித்தான். பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்கிற ஆள்; கம்பெனியில் அவன் சொன்னதற்கும் தராசு காட்டியதற்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. இரண்டு கைகளையும் லேசாக விரித்து, மகளைத் தூக்குவது போல நினைத்துப் பார்த்தான். கைக்கு வந்தது நாலு வயதுக் குழந்தை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பார்க்கிறான்தான். ஆனால் தூக்கி வருஷக் கணக்காகிறது.

"பதினாறு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியின் உறுமல் கேட்டு மகள் படியிறங்கி ஓடி வந்தாள். மஞ்சள் கவுன், தோளில் தண்ணீர் பாட்டில். வந்த வேகத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அதைப் பார்த்துக்கொண்டேதான் மனைவி பின்னால் வந்தாள்.

மகள் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் பூட்ட அம்மா இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த இருக்கை அவளைத் தூக்கி உட்கார வைத்ததில், தலை சரியாகக் குழாயின் பக்கத்தில் போய் நின்றது. மனைவி கையை நீட்டி ஃபோமை அழுத்தினாள். பிறகு அழுத்தமாக இன்னொரு தடவை.

"உள்ள கம்பி இருக்கு."

"நல்ல தடிமனான ஃபோம். ரெண்டு சுத்து சுத்தியிருக்கேன், ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் அறுத்துடறேன்."

"ஏன் அடுத்த வாரம்?"

வருஷக் கூட்டம் எந்த மாதம் வரும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஃபோமிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"இந்த ஃபோம் எத்தனை கிராம்?"

"முந்நூத்திப் பத்து."

வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. மகள் உயிருக்குப் பக்கத்தில் சுற்றியதைக்கூட அவன் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுற்றியிருக்கிறான். மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிளினிக்கில் காத்திருப்பவரைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து மகள் சொன்னாள்: "அப்பா, நான் தலையை இந்தப் பக்கம் சாச்சு வெச்சுக்கறேன். இடிக்காது. பாரு." கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு காட்டினாள். "போற வரைக்கும் இப்படியே இருக்கேன்."

"இறங்கு பாப்பா" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது. "அப்பாவோட பஸ்ல போயிட்டு வா."

"லீவுக்கு..." என்று அவன் ஆரம்பித்தான்.

"நீங்க வந்து பாருங்க. எப்ப வேணா வாங்க. அவளை அனுப்ப மாட்டேன்."

அணைக்கட்டுக்குப் பஸ்ஸில்தான் போனார்கள். மகள் தண்ணீரைப் பார்த்தாள், படிகளை எண்ணினாள், வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஏழு வயதுக்கு அவ்வளவு நாசூக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு அழுகை வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அவனுக்கு மட்டும்தான் உட்கார இடம் கிடைத்தது. அவன் மடியில் உட்கார்ந்த மகள் அப்படியே தூங்கிப்போனாள். இரண்டு நிறுத்தம் போவதற்குள் அவன் தொடை மரத்துவிட்டது. பதினாறு எங்கே, இது எங்கே என்று அப்போது தெரிந்தது. காலை அசைக்காமல் கடைசி நிறுத்தம் வரை அப்படியே இருந்தான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பட்டறைக்குப் போய் நின்றான். மெக்கானிக் அறுப்பு மெஷினை எடுத்தார். முதல் வரிசை நடு இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். ஏன் அறுத்தாய் என்று கேட்டவர்களிடம் "சும்மாதான்" என்றான். பின்சீட்டும் குழந்தை இருக்கையும் வண்டியிலேயே இருந்தன. அவற்றை மட்டும் அவன் எடை போடவில்லை.

மனைவியும் மகளும் ஊர் மாறிப் போன வாரம், தூசி துடைக்கும்போது குழந்தை இருக்கையைத் திருப்பினான். அதன் முதுகில் ஒரு வரி அச்சடித்திருந்தது: பதினெட்டுக் கிலோ வரை உள்ள குழந்தைகளுக்கு மட்டும். அதையும் ஈரத்துணியால் துடைத்து, பெல்ட்டைப் பூட்டி, கதவைச் சாத்தினான்.