நான் பையை மாட்டிய இடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதக் காலையில், சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போகும் சாலையோரம் இருக்கும் என் மரவள்ளிக் காட்டில் நடந்தது இது. முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

என் பழைய டிராக்டரின் டீசல் பம்பு கசிந்துகொண்டிருந்தது. சங்கராபுரத்தில் புதிதாகப் பட்டறை போட்டிருந்த ஒருவரிடம் கொடுத்தேன். நாற்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். வேறொரு பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, தன் பெயரில் அவர் பிரித்துச் சேர்த்த முதல் பம்பு என்னுடையதுதான். துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, கைக்குழந்தையைக் கொண்டு வருவதுபோல் கொண்டு வந்தார்.

இந்த வண்டி கிளம்புகிறதா என்று எங்கள் ஊரில் டிராக்டர் வைத்திருந்த நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். கிளம்பினால் அவர்கள் பம்புகளும் அவரிடம் போகும். இல்லையென்றால் ஒன்றும் போகாது. இது அவருக்கும் தெரியும். பக்கத்துக் காட்டுக்கார அம்மா அதை மறைக்கக்கூட இல்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "என் வண்டியும் ஒழுவிக்கினுதான் கீது. இவரு கை எப்டின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்றார்.

வழக்கமாக வண்டி ஓட்டுபவர் அன்று விடுமுறை. அதனால் நானே சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். என்னோடு எப்போதும் ஒரு துணிப்பை வரும். அதில் குடை, தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, அன்றைக்குக் கூடுதலாக டிராக்டர் கம்பெனி கொடுத்த தடித்த கையேடு. வைக்க இடமில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கீழ்நோக்கி ஒரு பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மாட்டினேன்.

பம்பைப் பூட்டி முடித்ததும் மெக்கானிக் கீழே இருந்தபடி கேட்டார். "ஸ்டாப் பிடி உள்ள இருக்குங்களா சார்?"

என்ஜினை நிறுத்துவதற்கு இழுக்கிற பிடி அது. இழுத்திருந்தால் என்ஜினுக்கு டீசல் போகாது. நான் பார்க்கவில்லை. "அதெல்லாம் இருக்குப்பா. நீ உன் வேலையைப் பாரு" என்றேன்.

சாவியைத் திருகினேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. குழாயில் காற்று இருக்கும் என்று அவர் நட்டைத் தளர்த்தினார். நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது. மறுபடி திருகினேன். இல்லை. "பம்பு வரைக்கும் வருது, என்ஜினுக்குள்ள பீச்சுற நாசிலுக்கு வரலியே" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். டீசல் பாயும் டைமிங் தப்போ என்று பம்பைத் தளர்த்தி, ஒரு நூல் திருப்பி, மறுபடி முறுக்கினார். இல்லை. பேட்டரி படுத்துவிட்டது.

அந்த அம்மா தன் டிராக்டரைக் கொண்டு வந்து கயிறு கட்டி இழுத்தார். காட்டை மூன்று சுற்று சுற்றினோம். நான் உற்சவ மூர்த்தி போல் மேலே அசைந்துகொண்டிருந்தேன். முன்னால் பையும் அசைந்துகொண்டிருந்தது. வண்டி மட்டும் மூச்சு விடவில்லை.

வெயில் ஏறியது. பிடுங்கிப் போட்ட கிழங்கு கருத்துப்போனால் ஜவ்வரிசி மில்லில் வாங்கமாட்டார்களே என்ற கவலை எனக்கு. வாய் நீண்டது. "பத்தாவதுலயும் நீ இப்படித்தாம்ப்பா. பாதி கணக்கு போட்டுட்டு விடை எழுதுவே" என்றேன். எல்லார் முன்னாலும். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தபா பாத்துடலாம் சார்" என்றார்.

அம்மா தன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கொடுத்தார். நான் கையேட்டைப் படித்து அவருக்குப் புத்தி சொல்வது என்று முடிவு செய்து, பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாவியைத் திருகினேன். வண்டி ஒரு முறை செருமி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

"பரவால்லியே" என்றார் அம்மா. மெக்கானிக் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டீசல் கையோடு கும்பிட்டார். நான் வெற்றியோடு பையைத் திரும்ப அந்தப் பிடியில் மாட்டினேன்.

வண்டி நின்றுவிட்டது.

"இன்னாங்க இது, ஒரு இருமு இருமிட்டு படுத்துக்கிச்சி" என்றார் அம்மா. மெக்கானிக் மேலே ஏறி வந்தார். பையைப் பார்த்தார். பிடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையை மெதுவாக எடுத்து என் மடியில் வைத்தார். ஸ்பிரிங் பிடியை உள்ளே இழுத்துக்கொண்டது. எடையும் ஒரு விசைதான் என்று முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய எனக்கு அது அப்போதுதான் விளங்கியது. அவரே சாவியைத் திருகினார். வண்டி நிம்மதியாக ஓடியது.

"இன்னா கோளாறு?" என்று கீழேயிருந்து அம்மா கேட்டார்.

"காத்துங்க. பைப்புல கொஞ்சம் நின்னுக்கினு இருந்துச்சி. நான்தான் கவனிக்கல" என்றார் அவர்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "இனிமேலாவது கவனமா இருக்கணும்ப்பா" என்றேன்.

அன்று மாலை கையேட்டை எடுத்துப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பும் முறை, முதல் வரி: ஸ்டாப் பிடி முழுவதும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவும். இதெல்லாம் தெரியாதவர்களுக்கு எழுதியது என்று நான் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தேன்.

ஊரில் அவருக்கு 'காத்து மெக்கானிக்' என்று பெயர் விழுந்தது. ஒருவரும் பம்பு கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, லைட் எரியவில்லை என்று நான் வண்டியை அவர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேறு வண்டியே இல்லை. லைட்டைச் சரிசெய்துவிட்டு, நான் கேட்காமலேயே மட்கார்டில் ஒரு இரும்புக் கொக்கியை வைத்துப் பற்றவைத்தார். ஆறியதும் தொட்டுப் பார்த்துவிட்டு, "பைய இதுல மாட்டிக்கோங்க சார்" என்றார். அவ்வளவுதான். குத்திக்காட்டியிருந்தால்கூட நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

மறுநாள் டீக்கடையில், டிராக்டர்காரர்கள் எல்லாரும் இருந்தபோது, பையைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாதான் முதலில் பேசினார்.

"அப்போ மூணு மணி நேரம் அந்த மனுசன வெயில்ல போட்டு வறுத்தது உங்க பையா? என் டீசல் வேற ஜாஸ்தியா போச்சி." சிரிப்பில் டீ சிந்தியது. அந்த வாரமே அவர் தன் பம்பைச் சங்கராபுரத்துக்கு அனுப்பினார். பின்னாலேயே இன்னொருவர் போனார். மற்றவர்கள் அதற்குள் கள்ளக்குறிச்சியில் வேறு ஆளிடம் கொடுத்து முடித்திருந்தார்கள். அந்த வேலைகளை என்னால் மெக்கானிக்குக்குத் திருப்பித் தர முடியவில்லை. பட்டப்பெயர் மட்டும் அவரை விட்டு என்னிடம் வந்தது. இப்போது நான் 'பை வாத்தியார்'.

அவர் தலையை நிமிர்த்தி மேலே ஒரு பார்வை பார்த்திருந்தால் அன்றே உண்மை தெரிந்திருக்கும். சார் சொல்லிவிட்டாரே என்று பார்க்கவில்லை. இன்றும் அந்தக் கொக்கியில் பையை மாட்டும்போதெல்லாம், என் வார்த்தையை ஒருவர் அப்படி நம்பினார் என்பதும், அந்த நம்பிக்கையை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதும் நினைவுக்கு வந்து, குனிந்து ஸ்டாப் பிடியை ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.