லடாக் போன வேன்காரர்

அவர் வளைகுடாவில் நெடுநாள் லாரி ஓட்டித் திரும்பியவர். பழைய வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி வைத்திருந்தார். நரைத்த மீசை, அந்தி மயங்கினாலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. எந்தக் கதவைச் சாத்தினாலும் ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்ப்பார்.

லடாக்கின் மலைப் பாலைவனத்தில் ஓர் ஏரி. அதன் சதுப்பில் கறுப்புக் கழுத்துக் கொக்குகள் முட்டையிடும். அங்கே போக அவரும் அவர் மைத்துனரும் நானும் மாதக்கணக்கில் திட்டமிட்டோம். போகும் வழியை எல்லாம் விசாரித்து வைத்தவன் நான். என் மனைவி போட்ட நார்த்தங்காய் ஊறுகாயை முன்கூட்டியே வண்டியில் ஏற்றியதும் நான்தான்.

புறப்படும் வாரத்தில், சும்மா ஒரு நடை என்று எங்கள் ஊர்ப் பக்கத்து மருந்துவாழ் மலைக்கு என்னைக் கூட்டிப் போனார். பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

"ஏறிருவியா மக்கா?"

"அதெல்லாம் ஏறிருவேன் அண்ணாச்சி."

"பைய வா. ஒண்ணும் அவசரம் இல்ல."

சொன்ன நாளில் பையோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வண்டி இல்லை. முந்தின நாளே கிளம்பிவிட்டார்களாம்.

"அங்க காத்து கம்மியாம். உங்களுக்கு ஒத்துக்காதுன்னு சொன்னாவ," என்றார் அவர் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல்.

மலையில் என்னை இழுத்துப் பார்த்திருக்கிறார். கதவிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒரு படம் மட்டும் அனுப்பினார். நீல ஏரி, தூரத்தில் இரண்டு கொக்குகள். முன்னால் மடக்கு மேசையில் எங்கள் வீட்டு ஊறுகாய் பாட்டில், பாதி காலியாக. அதை எதற்காக அத்தனை கவனமாகப் படத்தின் நடுவில் வைத்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.