கோயில் சாவியை இழந்த என் தம்பி

என் தம்பி இன்னாசிமுத்து இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஆலையில் வேலை செய்கிறான். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவன் அவன் மட்டும்தான். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் எங்கள் சிறு கோயிலைத் திறந்து, சுவிசேஷம் வாசித்து, விளக்கம் சொன்ன உபதேசியார் என் தம்பி. சம்பளமில்லாத அந்த வேலைதான் அவனுக்கு உயிர். அவன் வாசித்தால் கைக்குழந்தைகூட அழாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை.

1957இல், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு ஞாயிறு, வேதமுத்துக் கங்காணி எழுந்தார். தோட்டத்து ஆட்களை மேய்ப்பவரும், கோயில் திருவிழாவைத் தன் செலவில் நடத்துபவரும் அவர்தான்.

“ஏம்ப்பா இன்னாசி, வேதம் சர்வேசுரன் சொல்லச் சொல்ல எழுதுனதுதானே?”

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் ஊருக்குக் கடிதம் போடுவது அப்படித்தான். அவர்கள் சொல்லுவார்கள், தம்பி எழுதுவான். வேதத்தையும் அப்படியே நினைத்திருந்தார்கள்.

“இல்லீங்க கங்காணி. உங்க காயிதத்துல நான் வெறும் கை. சுவிசேஷம் எழுதுன லூக்காஸ் அப்படியில்ல. விசாரிச்சாரு, யோசிச்சாரு, தன் பேச்சுலயே எழுதுனாரு. உள்ள இருந்து ஏவுனது பரிசுத்த ஆவி. முழுசும் ஆண்டவர் எழுத்து, முழுசும் லூக்காஸ் எழுத்து.”

“ஒரு மாட்டுக்கு ரெண்டு சொந்தக்காரனா?”

“மாடு இல்லீங்க, வேதம்.”

கோயிலே சிரித்தது. கங்காணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. வேதம் மனுசன் எழுதியது என்று இன்னாசி சொல்வதாகச் சாமியாருக்குப் புகார் போனது.

அடுத்த பூசை முடிந்ததும் சாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார்: “இதை உனக்கு யார் சொன்னது?”

“நீங்கதான் சாமி. போன தடவ, எங்க வீட்டுல.”

உண்மை. அன்று தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் நான். வேதம் எழுதியவர்கள் ஆட்டிவைத்த பொம்மைகள் இல்லை என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

சாமியார் கங்காணியைப் பார்த்தார். “நான் சொல்லவில்லை. அரைகுறைப் படிப்பு இப்படித்தான் செய்யும்.”

“நானும் கேட்டேனே சாமி” என்றேன்.

“நீ பேசாதேம்மா.”

கோயில் சாவியைத் தம்பியிடம் வாங்கி, கங்காணியின் மருமகன் கையில் கொடுத்தார்.

பின்னேரம் சாமியார் எங்கள் லயத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். “இன்னாசி, நீ சொன்னது சரிதான். திருச்சபை போதிப்பதும் அதுதான். ஆனால் கங்காணி கைவிட்டால் இந்தக் கோயில் நடக்காது. பொறுத்துக்கொள்.”

தம்பி எழுந்தான். “சரின்னா வெளியில வந்து சொல்லுங்க சாமி. எல்லாரும் வாசல்லதான் நிக்கிறாங்க.”

சாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நின்றவர்கள் தோத்திரம் சொன்னார்கள். கையை உயர்த்தி ஆசீர்வதித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

தம்பி இப்போதும் ஞாயிறு தவறுவதில்லை. கடைசி வரிசையில் நின்று, கங்காணியின் மருமகன் தட்டுத் தடுமாறி வாசிப்பதைக் கேட்கிறான். விளக்கம் யாரும் சொல்வதில்லை.