கற்பூரம் பட்டியலில் இல்லை

எங்கள் கம்பெனி லாரிகளை டீசலிலிருந்து கேஸுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்ததும் நான் முதலில் செய்தது, ஒரு பட்டியல் போட்டதுதான். யார்டுக்குள் எதெல்லாம் கூடாது: பீடி, சிகரெட், தீப்பெட்டி, லைட்டர், டிரைவர்கள் வண்டி ஓரமாக வைத்துச் சமைக்கும் ஸ்டவ், வெல்டிங். கச்சிபௌலி ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்து எழுதியது. யார்டுக்குள் நெருப்பு வைத்தால் வேலை போகும் என்று கடைசி வரியைச் சேர்த்ததும் நான்தான். பட்டியல் போடுவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு.

ராமச்சந்திராபுரம் தாண்டியிருக்கும் யார்டுக்கு, மாற்றி முடித்த முதல் லாரி வந்த அன்று முதலாளியே வந்துவிட்டார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். தட்டைப் பிடித்திருந்தவர் எங்கள் சீனியர் டிரைவர். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். நான் திருச்சிக்காரி என்று தெரிந்த நாளிலிருந்து என்னிடம் மட்டும் இந்த ஊர் உருது கலந்த தமிழில்தான் பேசுவார். முதலாளி ஒற்றிக்கொண்டதும் தட்டை என்னிடம் நீட்டினார். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். போட்டோ எடுத்தார்கள்.

டீசலும் கேஸும் கலந்து ஓடும் லாரி அது. அன்று டீசலில்தான் வந்திருந்தது, கேஸ் சிலிண்டர்கள் காலி. அது தெரிந்துதான் சும்மா இருந்தேன். தெரியாவிட்டாலும் முதலாளிக்கு முன்னால் கற்பூரத்தை அணைக்கச் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். காலியாக இருப்பதால் பரவாயில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் சீனியர் டிரைவரின் லாரியும் கேஸுக்கு மாறி வந்தது. கேஸ் நிரப்பிக்கொண்டு யார்டுக்கு வந்தவர், முதல் லோடு ஏற்றும் முன் வண்டிக்கு எதிரே கற்பூரம் ஏற்றினார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கேமராவில் விழுந்துவிட்டது. பார்த்த பாதுகாப்பு அதிகாரி என்னிடம் ரிப்போர்ட் கேட்டார். டிரைவரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"உள்ள நெருப்பு கூடாதுன்னு சொல்லியிருந்தேனே அண்ணே."

"ஹவ்மா, சொன்னீங்க. பீடிக்கட்டக்கூட கேட்லயே குடுத்துட்டுதான் உள்ள வர்றேன். இது சாமிக்கு ஏத்துறதும்மா. அன்னிக்கி நீங்களும் தொட்டுக் கும்பிட்டீங்களே."

"அன்னிக்கி சிலிண்டர்ல கேஸ் இல்லண்ணே."

"அத எனக்கு யாரும்மா சொன்னாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ரிப்போர்ட் படிவத்தில் இரண்டு கேள்விகள். டிரைவருக்கு விதி தெரியுமா? பட்டியலில் அவர் கையெழுத்து இருந்தது, ஆம் என்று எழுதினேன். இதே யார்டில் இதற்குமுன் இப்படி நடந்ததுண்டா? ஆம் என்றால் பயிற்சி சரியில்லை என்றாகும். முதலாளி பெயர் வரும், என் பெயர் வரும், டிரைவர் ஒரு எச்சரிக்கையோடு தப்பித்துவிடுவார். இல்லை என்றால் அவர் வேலை போகும். ஐம்பதைத் தாண்டியவரை வேறு கம்பெனியில் எடுக்க மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

இல்லை என்று எழுதினேன். டீ வந்தது, குடித்தேன்.

சாவியை ஒப்படைக்க வந்தவரிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நக்கோம்மா, விடுங்க. மேல இருந்து வர்றதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க," என்றார். மேலே இருந்து எதுவும் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கம்பெனி பஸ் பிடிக்கக் கேட்டை நோக்கி நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது லாரிகள் எல்லாம் மாறிவிட்டன. பட்டியலில் கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி மூன்றையும் சேர்த்துவிட்டேன். முதல் லாரி வந்த அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி யார்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். லாரி, கற்பூரம், அதன்மேல் நீட்டிய என் இரண்டு கைகள். ஓரத்தை வெட்டியதில் தட்டைப் பிடித்த கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

புதிதாகச் சேரும் டிரைவர்களை அந்தப் படத்துக்குக் கீழே உட்காரவைத்துத்தான் பட்டியலை வாசிக்கிறேன். கற்பூரம் என்று வரும்போது யாராவது நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்கள் என்று கொஞ்சம் நிறுத்துவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.