வஞ்சப்புகழ்ச்சிக்கு ஒரு ஸ்டார்

மூன்று வருடங்களுக்கு முன், டிசம்பர் விடுமுறையில், அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் எடிசனில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது நான், மனைவி, மகள் மூவரும் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போனோம். ஏன் அந்தத் தீவு என்று கேட்டால் கடல், மலை என்று கதை விட மாட்டேன். கடல் தாண்டிப் போனாலும் அது அமெரிக்க மண். திரும்பி வரத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் தேவையில்லை. ஹெச்-1பி விசாக்காரன் தேர்ந்தெடுக்கும் சுற்றுலாத் தலத்தின் அழகு அதுதான்.

கடற்கரை ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன. மலைக்கு மேல் ஒரு கிராமத்தில், ஒரு அம்மா தன் வீட்டிலேயே இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு விடுவதை ஆன்லைனில் பார்த்து புக் பண்ணினேன். ஒரு கார் போனால் இன்னொன்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டிய ரோடு. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அமெரிக்கா வந்து பத்து வருடமாக அடிக்காத ஹாரனையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் அடித்துத் தீர்த்தேன்.

ஊர் என்றால் ஒரு நாற்பது வீடு இருக்கும். சரிவு முழுக்க வாழையும் காப்பிச் செடியும். புயல் பிய்த்துப்போன கூரைகள் சிலவற்றில் இன்னும் நீலத் தார்ப்பாய். கரன்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. படிக்கப் பிள்ளைகள் இல்லை என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதன் மைதானம் இப்போது கோழிகளுக்கு. அந்தப் பள்ளியில் சமையல் வேலை பார்த்தவர்தான் எங்கள் வீட்டுக்கார அம்மா. ஐம்பது வயது இருக்கும். ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவார். எங்கள் பக்கம் ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஆள், ஸ்கூலில் அதைப் படித்துக்கொண்டிருந்த என் மகள்.

முதல் நாள் மதியம் அவள் கோழி துரத்தப் போய்விட்டாள். மேஜையில் அவரைக்கொட்டைக் குழம்பு வந்தது. மனைவி சுத்த சைவம். "இதுல போர்க் இருக்கான்னு கேளு" என்று என் காதைக் கடித்தாள். மகள் வரும்வரை பொறுத்திருக்கலாம். நானோ கல்லூரி நாடகத்தில் நடித்தவன். இரண்டு கையையும் காதோரம் விரித்து, மூக்கைச் சுளித்து, பானையைக் காட்டி, பன்றி மாதிரி நாலு தடவை உறுமினேன். அந்த அம்மா என்னையே பார்த்தார். அப்புறம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேறு பானை எடுத்து, இறைச்சி போடாமல் மறுபடி சமைத்தார். நடுவில் பக்கத்து வீட்டுக் காப்பி விவசாயியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை செய்து காட்டு என்று சைகை காட்டினார். செய்தேன். மறுநாள் காலை நடக்கப் போனபோது, எதிரே வந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் தொப்பியைத் தூக்கி, மரியாதையாக ஒரு முறை உறுமிவிட்டுப் போனார்.

நாலு நாள் இருந்தோம். பூண்டு போட்டு இடித்த வாழைக்காயை நான் தின்ற வேகத்தைப் பார்த்து மனைவி மானம் போகிறது என்றாள்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரே ஒரு விஷயம் கேட்டார். மகள்தான் சொன்னாள்.

"அப்பா, ரிவ்யூ எழுதச் சொல்றாங்க. ஒன்லி சிக்ஸ் பீப்பிள் எழுதியிருக்காங்களாம். கெஸ்ட்ஸ் வந்தாதான் அவங்க இந்த ஊர்ல இருக்க முடியுமாம். இல்லேன்னா எல்லார் மாதிரியும் கீழ வேலைக்குப் போகணுமாம்."

என்னிடம் விடுங்கள் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன்.

அந்தக் கையை அங்கேயே வைத்திருக்கலாம். ஃப்ளைட்டில் உட்கார்ந்து போனை எடுத்தேன். 'அருமையான இடம், சுவையான உணவு' என்று எந்த மடையனும் எழுதுவான். எனக்குப் பள்ளித் தமிழில் மண்டையில் ஏறிய ஒரே அணி வஞ்சப்புகழ்ச்சி. திட்டுவது போலப் புகழ்வது. அதைத்தான் தமிழில் எழுதினேன்:

"யாரும் இங்கே வந்துவிடாதீர்கள். இந்த அம்மா சாப்பாடு போட்டே ஆளைக் கொன்றுவிடுவார். நாலு நாளில் நான் மூன்று தடவை செத்தேன். இன்னும் வயிறு சரியாகவில்லை. என் எதிரிக்குக்கூட இந்த வீட்டைச் சொல்ல மாட்டேன்."

அஞ்சு ஸ்டார் கொடுத்தால் கூட்டம் வந்துவிடும், அடுத்த வருடம் நமக்கு ரூம் கிடைக்காது என்று, ஜோக்கை முழுமையாக்க ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது அவங்களுக்குப் புரியுமா?"

"அவங்க எங்க தமிழ் படிக்கப் போறாங்க? இது நம்ம ஆளுங்களுக்கு."

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "மச்சி, செத்தேன்" என்று டப்ளினிலிருந்தும் ரிச்சர்ட்சனிலிருந்தும் நண்பர்களின் பதில் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறந்தும் போனேன்.

அடுத்த டிசம்பரில் ரிச்சர்ட்சன் நண்பன் கூப்பிட்டான். "மச்சி, நீ செத்துப்போன வீட்டு லிங்க்கை அனுப்பு, நாங்களும் போய்ச் சாகறோம்." தேடினேன். அப்படி ஒரு வீடே அந்தத் தளத்தில் இல்லை. மகளிடம் அந்த அம்மாவின் நம்பர் இருந்தது. அவளையே மெசேஜ் போடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சமையலறையில் நின்று மகள் கேட்டாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உனக்கு வயிறு சரியாயிடுச்சான்னு கேக்கறாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் என் ரிவ்யூ ஞாபகம் வந்தது. தமிழ் தெரியாவிட்டால் என்ன, அடியில்தான் மொழிபெயர்க்கும் பட்டன் இருக்கிறதே. அணி இலக்கணம் படிக்காத அந்த மெஷின், என் ஒவ்வொரு வரியையும் நேர்மையாக ஸ்பானிஷில் சொல்லியிருக்கிறது. ஏழே ரிவ்யூ உள்ள வீட்டில் ஏழாவது, எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு ஸ்டாரோடு, சாப்பாடு ஆளைக் கொல்கிறது என்று நிற்கிறது. வரவிருந்தவர்கள் கேன்சல் செய்தார்களாம். புதிதாக யாரும் வரவில்லையாம்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் மனைவிக்காகப் பரணிலிருந்து எடுத்த அந்தப் பானையில் ஏதாவது இருந்ததோ, அதை நன்றாகத் தேய்க்காமல் விட்டேனோ என்று கேட்டாராம். அந்தப் பானையைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். வேறு யாருக்கும் ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று பயந்து, அவரே வீட்டைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டாராம். இப்போது கீழே கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை. மலை வீட்டைப் பூட்டியாகிவிட்டது.

வஞ்சப்புகழ்ச்சி என்றால் என்னவென்று மகளுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஸோ, பிடிச்சிருந்ததாலதான் மோசமா எழுதினியா?"

"ஆமா."

"வொய் டிட்ன்ட் யூ ஜஸ்ட் ஸே இட் வாஸ் குட்?"

என் ரிவ்யூவைத் திருத்தலாம் என்றால், திருத்த அந்த வீடு அங்கே இல்லை. மகள் எழுதிக் கொடுத்த ஸ்பானிஷை அரை மணி நேரம் மனப்பாடம் செய்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். சாப்பாடு மிக நன்றாக இருந்தது, பானை மேல் தப்பில்லை, தப்பு என் மேல், மன்னியுங்கள் என்று. ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம் சின்னதாக ஒன்று வந்தது. பின்னால் பெரிய சலவை மிஷின் ஓடும் சத்தம். அதற்கு மேலே ஒரே ஒரு உறுமல். கொஞ்சம் சிரிப்பு. பிறகு யாரோ வேலைக்குக் கூப்பிட, மெசேஜ் நின்றுவிட்டது.

மன்னித்துவிட்டார் என்றுதான் மனைவி சொல்கிறாள். மறுபடி மலைக்குப் போய்விட்டாரா என்று மகளை விட்டு இரண்டு தடவை கேட்டுவிட்டேன். இல்லை என்றே பதில். இப்போதெல்லாம் எங்கள் ஊர் ஓக் ட்ரீ ரோடு ஹோட்டலில் தோசை எப்படி இருக்கிறது என்று சர்வர் கேட்டால், "நல்லா இருக்குங்க" என்று மட்டும் சொல்கிறேன். நான் ஏதோ கோபத்தில் இருப்பதாக நண்பர்கள் நினைக்கிறார்கள், நானோ அந்த இரண்டு வார்த்தையை மூன்று வருடம் முன்னால், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவன்.