தாழ்த்திய வண்டிக்கு வந்த சக்கரம்

பிள்ளைகளே, உங்கள் அம்மா திரும்பிப் பார்க்கும்போது கழுத்தோடு தோளையும் சேர்த்துத் திருப்புவாளே, அது உப்புக்கூடை கொடுத்தது. மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு உப்பு ஏற்றுவதென்றால் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பார்கள். பெண்கள் தலையில் ஈர உப்போடு அதில் ஏறிப்போய்க் கவிழ்க்க வேண்டும். தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பலகை வழுக்கும். அம்மா ஒருமுறை அதிலிருந்து கூடையோடு விழுந்தாள். இன்னொரு தரம் விழுந்தால் கை கால் விளங்காமல் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

முதலாளியிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. என்னைவிட வயதில் மூத்தது. நான்தான் டிரைவர். அவரிடம் கேட்டுக்கொண்டு, அதன் அடியில் வில்லாக நின்று பாரம் தாங்கும் பிளேடு பட்டைகளில் சிலவற்றைக் கழற்றி, வண்டியைக் கீழே இறக்கினேன். தரையில் நின்றபடியே தலையைச் சாய்த்தால் கூடை உள்ளே கவிழும். பலகை வேண்டாம். பெண்கள் அதற்கு ஆமை என்று பேர் வைத்தார்கள்.

சுனாமி வந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆமையின் ரிம்களை உப்பு தின்றுவிட்டது. போல்ட்டு துளைகள் அகன்று, சக்கரம் ஆடியது.

"உப்பு வார ஆரம்பிக்கறதுக்குள்ள ஆமை நடக்கணும். இல்லன்னா லாரிய வரச் சொல்லிடுவேன். பலகையத் தேடி எடுத்து வையி" என்றார் முதலாளி.

கீழ்புத்துப்பட்டில் ரோட்டோரம் ஒரு டயர்க்கடை. கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"இன்னாண்ணா, இது வண்டியா, பாயா? மேல படுத்துக்கலாம் போலருக்கு."

"படுக்கறது அப்புறம். சக்கரம் குடுப்பா."

தாழ்த்திய வண்டிக்குச் சக்கரம் பார்ப்பது பொண்ணு பார்ப்பதைவிடக் கஷ்டம். டயர் பெரிதாக இருந்தால் பாரம் ஏறியதும் மட்கார்டில் தேயும். சிறிதாக இருந்தால் உப்பள வரப்பில் வண்டியின் வயிறு தட்டும். ரிம் அதிகம் உள்வாங்கியிருந்தால் பட்டையில் உரசும், வெளியே தள்ளியிருந்தால் மட்கார்டு விளிம்பு டயரைக் கிழிக்கும். அதற்கெல்லாம் முன்னால் போல்ட்டு துளைகள் பொருந்த வேண்டும். கடையில் இருந்த எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தோம். ஏதாவது ஒன்று இடித்தது.

கடைசியில் அவர் கடையின் பின்பக்கம் போய், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக உருட்டி வந்தார். முதல் சக்கரத்தைத் தூக்கிக் காட்டியதும் போல்ட்டுகள் துளைக்குள் தாமாகப் போய் உட்கார்ந்தன. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் என் நான்கு விரல் நுழைந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினோம். எங்கும் இடிக்கவில்லை.

"இது எந்த வண்டியோடது?"

"சவுக்குத் தோப்புல ஒரு வேன் கவுந்து கெடந்துச்சுல்ல, அலை உருட்டினு வந்து போட்டது? அதோடது. டியூப் நல்லா இருக்குது. காத்து மட்டும் புடிச்சு வெச்சேன்."

"யாரும் கேட்டு வரலையா?"

"வர்றதுக்கு யாருண்ணா இருக்கா?" என்று சொல்லிவிட்டு அவர் நட்டை முறுக்கினார்.

திரும்பி வரும்போது ஸ்டியரிங் வலது பக்கமாக இழுத்தது. வலது பக்கம் கடல். கடலுக்குப் பிரியும் ஒவ்வொரு பாதையிலும் இழுப்பு கூடியது. எக்கியார்குப்பம் பிரிவில் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. பாதையைத் தாண்டியதும் விட்டுவிட்டது.

மறுநாள் உச்சிவெயிலில் உப்பு ஏற்றினோம். காற்றே இல்லை. பாத்திகளில் வானம் அசையாமல் கிடந்தது. பாரம் ஏறி வண்டி நகர்ந்ததும் பின்சக்கரத்திலிருந்து சத்தம் வந்தது. தொப்... தொப்... தொப். மூடிய கதவை உள்ளேயிருந்து யாரோ உள்ளங்கையால் தட்டுவதுபோல. நிறுத்தினால் நின்றது. நகர்ந்தால் தட்டியது.

பெண்கள் கூடையை இறக்கிவிட்டார்கள்.

"யோவ், உள்ள யார வெச்சினு வந்த?" என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

டயர் எங்காவது தேய்கிறதா என்று பார்க்க எங்களுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். பாத்தித் தண்ணீரை டயரில் ஊற்றினால் வெயிலில் காய்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும். தேய்கிற இடத்தில் மட்டும் வெள்ளை போயிருக்கும். அப்படியே செய்து, வரப்போரம் வண்டியை நகர்த்தினேன். மண்ணில் படுகிற இடம்தான் கலைந்திருந்தது. பக்கவாட்டில் வெள்ளை அப்படியே இருந்தது. எதிலும் தொடவில்லை. ஆனால் தட்டியது.

"இந்தச் சக்கரத்தோட நாங்க ஏத்த மாட்டோம்" என்றார்கள். தூரத்தில் முதலாளி போனை எடுப்பது தெரிந்தது. உங்கள் அம்மா கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பலகை அங்கேதான் சாய்ந்திருந்தது.

நான் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, கடப்பாரையால் டயரை ரிம்மிலிருந்து நெம்பினேன். டியூபுக்கும் டயருக்கும் நடுவில் மணல். கடல் மணல். வேன் உருண்டபோது டயர் வாய் திறந்து உள்ளே வாங்கியிருக்க வேண்டும். கட்டியாகத் திரண்டிருந்தது. அதுதான் ஒவ்வொரு சுற்றிலும் அடியில் வந்து தட்டியது. நடுவில் ஒரு சவுக்குக் காய்.

மணல் ஈரமாக இருந்தது.

உப்பேறிய மணல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் டயர் வெயிலில் கையைச் சுட்டது. மணல் சில்லென்றிருந்தது, இப்போதுதான் அலை போனதுபோல.

வாரிக் கொட்டப் போனேன். எக்கியார்குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்தார். அவருடைய மகளை அலை கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவேயில்லை.

"இங்க கொட்டாதப்பா. வழி தெரியாம சுத்தினு கெடக்கும்."

முந்தானையை விரித்தார். ஒரு பொடி விடாமல் வாரிப்போட்டேன். அதை இடுப்பில் முடிந்துகொண்டு, குனிந்து அதனிடம், "வா, போலாம்" என்றார். வரப்போடு கடல் பக்கமாக நடந்தார். வெயிலில் அவர் உருவம் நெளிந்து நெளிந்து மறைந்தது.

டயரைத் திரும்ப மாட்டினேன். யாரும் அருகில் வரவில்லை. அம்மா கூடையை எடுத்தாள்.

"உனக்குப் பயமா இல்லியாடி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பலகைக்குத்தான் பயம்" என்று சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்து உப்பைக் கவிழ்த்தாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. முதலாளி போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

அந்த வருஷம் முழுவதும் அம்மா பலகை ஏறவில்லை. மற்ற மூன்று டயர்களையும் பிரித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கடைக்காரரும் சக்கரம் நேராகத்தான் இருக்கிறது என்றார். ஆனாலும் எக்கியார்குப்பம் பிரிவு வந்தால் ஸ்டியரிங் லேசாக வலது பக்கம் இழுக்கும், பிள்ளை விரலைப் பிடித்து இழுப்பதுபோல. அம்மா பக்கத்தில் இருந்தால், "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்பாள். இஞ்சினை அணைப்பேன். அவள் கதவில் கைவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

பிறகு, விளையாடிக்கொண்டிருக்கும் உங்களை வீட்டுக்குக் கூப்பிடும் அதே குரலில், "சரி, போலாம்" என்பாள். என்னிடம்தான் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டு வண்டியை எடுப்பேன்.