ரோமாபுரிச் சாமியும் முனிரத்தினத்தின் கிணறும்

போன வெள்ளிக்கிழமை நகரிப் பக்கம் ஒரு கல்லைப் பிடுங்கப் போனோம். செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினோம். யாரால் என்கிறீர்களா? என்னால்தான்.

இப்போது நான் ராஜ்ய எல்லை பிரிக்கும் சர்வே பார்ட்டியில் நிலம் அளக்கும் சங்கிலி இழுக்கிறேன். இதற்கு முன் திருப்பதியில் மூட்டை தூக்கினேன், ரேணிகுண்டாவில் டீ கிளாஸ் கழுவினேன். ஆந்திரா எது, மெட்ராஸ் எது என்று மேலே இருப்பவர்கள் பேசுவார்கள். முள்ளில் நடந்து அளப்பது நாங்கள்.

ஏழாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு ஈடாக, சித்தூர் பழைய பேப்பர் கடையில் அட்டையில்லாத ரோமாபுரிச் சரித்திரம் ஒன்று வாங்கினேன். அன்றைய சாப்பாடு அதற்கே போயிற்று. நஷ்டமில்லை. படிக்கும்போது பசி தெரிவதில்லை. படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால்தான் வயிறு வலிக்கிறது!

முனிரத்தினம் என்ற விவசாயிக்கு ஒரு சங்கடம். நாங்கள் நட்ட எல்லைக் கல் அவர் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. வீடு மெட்ராஸ் — கிணறு ஆந்திரா.

"தண்ணி எறைக்க வேற ராஜ்யம் போவணுமா சார்?" என்றார் சர்வேயரிடம்.

சர்வேயர் சித்தூர்க்காரர், நியாயஸ்தர். கிராம மேப்பைப் பிரித்தார். தப்பு எங்களுடையதுதான். எல்லை, கிணற்றுக்கு அப்பால் புங்கமரத்தடியில்.

"வெள்ளிக்கிழமை வந்து பேர்த்து நட்டுடலாம்" என்றார்.

முனிரத்தினம் சந்தோஷத்தில் எனக்குக் களி போட்டார். சும்மா சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பேனா?

"ரோமாபுரியில் எல்லைக் கல்லே சாமி. பேர் டெர்மினஸ். பஸ் டெர்மினஸ் என்கிறோமே, அதெல்லாம் இந்த லத்தீன் வேரில் முளைத்ததுதான். வருஷத்துக்கு ஒருநாள் இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் மாலை போட்டு, ஆடு வெட்டிச் சேர்ந்து சாப்பிடுவார்கள். பெரிய சாமி ஜூபிட்டருக்குக் கோயில் கட்ட இடம் வேண்டியிருந்தது. மற்ற சாமிகள் ஒதுங்கிக்கொண்டன. இவர் அசையவில்லை. கல்லை உள்ளே வைத்தே கோயிலைக் கட்டினார்கள்!"

முனிரத்தினம் கொட்டாவி விட்டார். அவர் மனைவி கன்னியம்மா விடவில்லை.

"பேர்த்தவனுக்கு இன்னா ஆவும்?"

"அவனுக்கும் அவன் மாட்டுக்கும் சாபம்" என்றேன், உற்சாகமாக.

"மாட்டுக்குமா?"

வெள்ளிக்கிழமை போனால் — கல்லுக்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை, சிவப்புத் துணி. பக்கத்தில் பொங்கல் கொதிக்கிறது. சுற்றிலும் தெருப் பெண்கள்.

"இதேமிரா?" — இது என்னடா என்று சர்வேயர் தெலுங்கில் கேட்டு என்னைப் பார்த்தார். நான் புங்கமரத்தைப் பார்த்தேன்.

"சாமியத் தொடாதீங்க சார். வூட்ல ரெண்டு எருது கீது" என்றாள் கன்னியம்மா.

முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். "கெணறு பூடுச்சின்னா எருதுக்குத் தண்ணி ஏதுடி?"

"சாமி குடுக்கும்."

"இன்னா சாமி? போன வாரம் நானே குழி தோண்டிக் குடுத்த கல்லுடி அது!"

"அப்ப மொதல்ல உன்னத்தான் புடிக்கும்."

கடப்பாறையை வாங்க ஆளில்லை. சர்வேயர் என்னிடம் நீட்டினார். எனக்கு மாடு கிடையாது, நிலம் கிடையாது, சபிப்பதற்கு என்று எதுவுமே கிடையாது. ஆனாலும் கை நீளவில்லை.

முனிரத்தினம் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சர்வேயர் யோசித்தார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாங்களும் போட்டுக்கொண்டோம்.

"சாமி இங்கியே இருக்கட்டும். வண்டியிலேர்ந்து வேற கல்லு இறக்குங்கய்யா."

புங்கமரத்தடியில் புதுக் கல் நின்றது. மேப்பில் பழைய கல்லின் இடத்தில் 'கோயில்' என்று எழுதினார். கிணறு முனிரத்தினத்துக்கு. அவர் இறைத்த முதல் குடத்தைக் கன்னியம்மா பிடுங்கிக்கொண்டு போய்ச் சாமி தலையில் ஊற்றினாள்.

பொங்கல் சாப்பிடும்போது சர்வேயர் சொன்னார்: "ஓய் ரோமாபுரி, புதுக் கல்லு பக்கத்துல வாயத் திறந்தே... தோலு தீஸ்தானு!" தோலை உரித்துவிடுவாராம்.

மேலே ஓர் எல்லையை முடிக்க எத்தனை கமிட்டி, எத்தனை ஊர்வலம், எத்தனை வாய்! இங்கே உபரியாக ஒரு கல் போதுமாயிருந்தது.

ஜூபிட்டருக்குத்தான் ஒரு சித்தூர் சர்வேயர் கிடைக்கவில்லை, பாவம்.